தட்டலுக்கும் நகர்வுக்கும் நடுவே

பஸ் ஹாரனைக் கேட்டு உலை வைத்தவள் நான். சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்குப் பால் கொடுத்தது, குளிப்பாட்டியது, தூங்கவைத்தது எல்லாம் அந்த ஹாரன் கணக்கில்தான்.

கும்பகோணத்திலிருந்து திருவையாற்றுக்குப் போகிற ஆற்றோரச் சாலையில், ஒரு வாய்க்கால் மதகை ஒட்டி எங்கள் வீடு. மதகுக்குக் கிழக்கே சாலை வளையும். வளைவில் வெற்றிலைக் கொடிக்கால், அதைத் தாண்டி வாழை, அதற்கப்பால் கண் போகிற தூரத்துக்கு வயல். என் வீட்டுக்காரர் அந்தச் சாலையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மேற்கே போகும்போது வளைவில் ஹாரன் கேட்டால் உலை வைப்பேன். திருவையாறு போய்த் திரும்பி வரும்போது மேற்கே கேட்டால் தூக்குச்சட்டியோடு மதகில் நிற்பேன். பஸ் நிற்காது. கொஞ்சம் தணியும். ஓட்டத்தில் ஒரு சின்னத் தளர்வு, அவ்வளவுதான். பின்படிக்கட்டிலிருந்து ஒரு கை நீளும். தூக்கின் காது என் விரலை விட்டு அந்தக் கைக்குப் போகும். சூடான குழம்பு ஒரு சொட்டு சிந்தியதில்லை. வண்டி நின்றது என்று யாரும் சொல்ல முடியாது. நிற்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அந்தத் தளர்வைக் கொடுத்தவர் பாய்.

பாய் கூத்தாநல்லூர்க்காரர். டிரைவர். என் வீட்டுக்காரரைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது, முதலாளி உட்பட. நான் மட்டும் அண்ணே என்பேன். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஹாரன் அடித்துக்கொண்டே ஸ்டியரிங்கிலிருந்து தலையை வெளியே நீட்டி, "தங்கச்சி, உப்பு கம்மியா போடுங்க, இந்தாளுக்கு ஏற்கெனவே ரோஷம் ஜாஸ்தி" என்று கத்திவிட்டுப் போனார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அண்ணன்.

இரண்டு பேரும் எப்போதும் சண்டை போடுவார்கள். டீக்கு, தேர்தலுக்கு, எந்தக் கடைப் பரோட்டா நல்லது என்பதற்கு. பஸ்ஸுக்குள் முன்சீட்டுக்கும் பின்படிக்கும் நடுவே அந்தச் சண்டை பயணிகளின் தலைக்கு மேலே பறக்கும்.

"பாய், அந்தக் கெழவிய ஏத்தாம போயிருந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருக்கலாம்."

"கெழவிய ஏத்தாம போனா உன்னையும் ஏத்தாம போயிருப்பேன்யா. ஒனக்கும் அவளுக்கும் ஒரே வேகம்தான்."

ஆனால் வேலை என்று வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டாப்பில் வண்டி நின்றதும் என் வீட்டுக்காரர் பின்படியிலிருந்து இறங்குவார். வாழையிலைக் கட்டுகளை ஏற்றுவார். நடவு முடித்துச் சேற்றுக்காலோடு வரும் பெண்களை ஏற்றுவார். எல்லாம் ஆனதும் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த மூச்சுக்குள் அவர் கால் படியில் இருக்கும். அதற்கப்புறம்தான் சக்கரம் நகரும்.

தட்டல் எல்லோருக்கும் கேட்கும். அந்த மூச்சு அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்துத்தான் எடுக்கிறாரோ என்று நான் ஒருநாள் கேட்டேன். "கண்ணாடில பாத்தா இந்தாள் மூஞ்சிதான் தெரியும், அத எவன் பாப்பான்" என்றார் பாய். விசில் ஒன்று என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் கிடந்தது, பாக்குத்தூளும் நூலும் அடைத்துக்கொண்டு. துவைக்கும்போது எடுத்து ஜன்னலில் வைப்பேன். மறுபடி பையில் போட மறந்துபோவேன். அவரும் கேட்கமாட்டார்.

அந்தச் சாலையில் தனியார் பஸ்ஸுக்கு டைம்தான் சொத்து. நமக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. கொஞ்சம் பிந்தினால் பின்னால் வருகிறவன் நம் ஸ்டாப்பின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். "டைமத் தின்னுட்டான்" என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிப்பார்கள். எங்கள் வண்டி பிந்தியதேயில்லை. அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள், சக்கரம் ஏறிப் பயறு உதிரட்டும் என்று. மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கி ஊர்வார்கள். பாய் ஒரே சீராக மேலே ஏறிப்போவார். செடி சரசரவென்று நொறுங்கும். ஓரத்தில் நிற்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கையாட்டுவார்கள். அவர்கள் வேலையும் நடந்தது, எங்கள் டைமும் போகவில்லை.

இதெல்லாம் எஞ்சினால் வருகிறது என்று முதலாளி நினைத்தார். "வண்டி அப்பிடி, தேர்ந்தெடுத்து வாங்குனேன்" என்று பிற வண்டிக்காரர்களிடம் சொல்வாராம். அவரைக் குறை சொல்லி என்ன. கண்ணுக்குத் தெரிந்தது எஞ்சின்தான்.

*

ஒருநாள் வண்டி நின்றது.

மதகில் தூக்கோடு நிற்கிறேன். ஹாரன் கேட்டது, வண்டி வந்தது, தணிந்தது. தணிந்தது தணிந்துகொண்டேபோய் நின்றுவிட்டது. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, நான் தூக்கைக் கொடுக்கவில்லை. நின்ற வண்டிக்கு எப்படிக் கொடுப்பது என்று என் கைக்குத் தெரியவில்லை.

பாய் டிரைவர் கதவைத் திறந்து இறங்கி வந்தார். அவர் இறங்கி நின்று நான் பார்த்ததேயில்லை. நினைத்ததைவிடக் குள்ளம்.

"தங்கச்சி, சவுதிக்கு விசா வந்துருச்சு."

அந்த வருஷங்களில் எல்லோரும் போனார்கள். கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. கடைகளில் புதுப்புது சோப்பு, புதுப்புது டிவி, தெருவுக்கு ஒரு டிராவல்ஸ் போர்டு. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்காத வீடு இல்லை. திருப்பூருக்குப் போனவர்கள், சிங்கப்பூருக்குப் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள். பாய்க்கு இரண்டு பெண் பிள்ளைகள். டிரைவர் சம்பளத்தில் எதை எப்போது செய்வது. யாரும் அவரை ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் இன்னும் போகவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பொண்ணயும் கட்டிக் குடுத்துட்டு வந்துருவேன். வந்து இதே வண்டியத்தான் எடுப்பேன். அதுவரைக்கும் இந்தாள இந்த வண்டிலேர்ந்து எறக்கிப்புடாதீங்க."

பின்படியிலிருந்து என் வீட்டுக்காரர், "டைம் ஆவுது பாய்" என்றார்.

"ஆவட்டும்யா. இன்னிக்கு ஒருநா ஆவட்டும்."

பாய் ஏறினார். தகரத்தில் இரண்டு தட்டு. ஒரு மூச்சு. வண்டி போனது. தூக்கு என் கையிலேயே இருந்தது.

அதற்குப் பின் என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே வேலைதான். பாய் திரும்பி வருகிறவரை அந்த வண்டியில் இருப்பது. வேறு முதலாளி கூப்பிட்டார், கூடுதல் சம்பளம். போகவில்லை. இவருடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இடம் இருக்கிறது என்றார். போகவில்லை. "நான் எறங்கிட்டா அவரு வந்து யாரோட ஓட்டுவாரு?" இதுதான் பதில். சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் சிரிப்பாகச் சொன்னதில்லை.

*

புது டிரைவர் பாபநாசத்துப் பக்கத்துப் பையன். மீசை அப்போதுதான் அடர்ந்துகொண்டிருந்தது. நல்லவன். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். கள்ளில்லை, சிகரெட்டில்லை. வண்டியை எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவான். என் வீட்டுக்காரரை அண்ணே என்பான், என்னை அக்கா என்பான். முறையாகக் கற்றவன். விசில் கேட்டால் எடுப்பான். விசில் கேட்காமல் எடுக்கமாட்டான். அதுதான் சரியும்கூட.

இவர் தட்டிவிட்டு ஏறுவார். வண்டி நகராது. இவர் படியில் நின்று யோசிப்பார். பிறகுதான் ஞாபகம் வரும். பையில் கைவிட்டு, நூல் சிக்கை எடுத்து, பாக்குத்தூளை ஊதி, விசிலை அடிப்பார். வண்டி நகரும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இந்தச் சின்னத் தடுக்கல். ஒரு ஸ்டாப்பில் ஒன்றுமில்லை. திருவையாறு போய்ச் சேருவதற்குள் வண்டி பிந்திவிட்டிருக்கும். பின்னால் வருகிறவன் முந்திவிட்டிருப்பான்.

மதகிலும் அப்படித்தான். அந்தப் பையன் எனக்காக வண்டியை நன்றாக நிறுத்தினான். மரியாதையாக, முழுதாக. நான் தூக்கைக் கொடுப்பேன், இவர் வாங்குவார், விசிலைத் தேடுவார். பயணிகள் முணுமுணுப்பார்கள். "சோறு வாங்கவா பஸ்ஸு?" பாய் காலத்திலும் சோறு வாங்கியது இதே பஸ்தான். அப்போது யாருக்கும் அது தெரியவில்லை.

என் சமையலும் கெட்டது. ஹாரன் ஒருநாள் முன்னே வரும், ஒருநாள் பின்னே வரும். சோறு குழைந்தது. அல்லது வேகவில்லை. அடுப்பையும் அரிசியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலாளி இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். "அவன் நல்ல டிரைவர். நீ பழைய கண்டக்டர். வண்டி புதுசா சர்வீஸ் பண்ணது. பின்ன ஏன்யா லேட்டாவுது? யாருய்யா தப்பு பண்றீங்க?"

இருவரும், "நான்தான், மொதலாளி" என்று ஒரே சமயத்தில் சொன்னார்களாம். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நாடகமா போடுறீங்க? இந்த வாரம் பாக்கறேன். சரியா வரலேன்னா கண்டக்டர வலங்கைமான் வண்டிக்கு மாத்திடுவேன்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொல்லைப்படியில் உட்கார்ந்து விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். தென்னங்குச்சியால் உள்ளே குடைந்து பாக்குத்தூளை எடுத்தார். என்னிடம் ஒரு கறுப்புக் கயிறு கேட்டார். கழுத்தில் தொங்கும்படி நானே கோத்துக் கொடுத்தேன்.

"நாளைலேர்ந்து விசிலுதான். அந்தப் புள்ள பழகுன மாதிரியே நான் மாறிக்கிறேன். பாவம், அவன் என்ன செய்வான். வண்டிய விட்டு எறங்காம இருந்தா போதும்."

ஊதிப் பார்த்தார். குழந்தை விழித்து அழுதது. சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனால் அப்படித்தான்.

*

மறுநாள் காலை அது நடந்த ஸ்டாப்பில் நான் இல்லை. வாழையிலைக் கட்டு ஏற்றுகிற அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை சொல்லச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் அழுவாள். நான் அழமாட்டேன். நான் கேட்பது வேறொன்றுக்காக.

அவளுடைய இலைக்கட்டை இவர் பின்படியில் ஏற்றினார். இன்னொரு பெண் வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்தாள். "ஓடியா, ஓடியா" என்று அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே, அவசரத்தைக் காட்ட, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். விசில் கழுத்தில் தொங்கியது. இன்னும் ஊதவில்லை. ஊதாமல் வண்டி நகராது என்பது அவருக்கு இப்போது நிச்சயம். அந்த நிச்சயத்தில், நழுவி விழுந்த ஓர் இலைச்சுருளை எடுக்க, பின்சக்கரத்தின் பக்கம் காலை வைத்துக் குனிந்தார்.

வண்டி நகர்ந்தது.

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் அந்தப் பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவரில் சாய்ந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அண்ணன் தட்டுனாங்கக்கா."

"ஏன்டா எடுத்த? விசில் அடிச்சாத்தானே எடுப்ப?"

"நேத்து முழுக்க யோசிச்சேன்கா. என்னாலதான் அண்ணன மாத்தப்போறாங்க. அண்ணனுக்கு விசில் வரல. அது வராது. பாய்கூட ஓட்டுனவங்க. நான் மாறிக்கலாம்னுட்டு... தட்டுனா எடுத்துறணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். மொத தட்டு கேட்டுச்சு, ரெண்டாவது கேட்டுச்சு. எடுத்துட்டேன்."

அவனிடம் எப்படிச் சொல்வது. ஒரே இரவில் இரண்டு பேரும் மாறியிருக்கிறார்கள். அவனுக்காக இவர், இவருக்காக அவன். யாராவது ஒருவர் பிடிவாதக்காரராக இருந்திருக்கலாம். ஒருவர் மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் வாழையிலை அக்காவிடம் திரும்பத்திரும்பக் கேட்டேன். தட்டியதற்கும் நகர்ந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? "தட்டுன கையோட போயிருச்சு தாயி" என்பாள். பையன் தட்டலைக் கற்றுக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் இருந்த மூச்சை யார் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்? என் வீட்டுக்காரருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பாய்க்கும் தெரியாது. தெரிந்திருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பையன் மறுபடி வண்டி ஓட்டவில்லை. சென்னையில் ஏதோ கட்டடத்துக்குக் காவலுக்குப் போனான் என்று கேள்வி. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார், பழம் வாங்கிவந்தார், கட்டிலின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு மினி பஸ்கள் வந்து அந்தச் சாலையின் டைமையெல்லாம் கலைத்தபோது வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு சாலையில் ஓட்டினார். வளைவில் வேறு ஹாரன்கள் கேட்டன. அவற்றுக்கும் என் கை ஒருநொடி அரிசிப்பானைப் பக்கம் போய்வரும். பல வருஷம் போய்வந்தது.

*

கால் ஊனமானவர்களுக்கு டெலிபோன் பூத் கொடுத்த காலம் அது. திருவையாறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் வீட்டுக்காரருக்கு ஒன்று கிடைத்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். பஸ்ஸுக்குள் நாளெல்லாம் ஆடிக்கொண்டே நின்றவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்தார். துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று எண்களைப் போட்டுக் கொடுத்தார். உள்ளே அழுகிறவர்களை வெளியிலிருந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பாய் கூப்பிடுவார், பூத்துக்கே. சவுதியில் அவருக்கு அன்று விடுமுறை.

அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். கடல் தாண்டி வருகிற குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இவர் பேசிவிட்டுக் காத்திருப்பார். பதில் வரவில்லையே என்று மறுபடி ஆரம்பிப்பார். அப்போது அவர் குரல் வந்து இவர் குரல்மேல் விழும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் மற்றவர் பேசட்டும் என்று இருப்பார்கள். வெறும் இரைச்சல். பிறகு இருவரும் ஒரே சமயத்தில், "சொல்லு." மறுபடி மௌனம். கண்ணால் பார்க்காமல், விசில் ஊதாமல், ஒரு பஸ்ஸையே மூச்சில் நடத்திய இரண்டு பேர். போனில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"வண்டி எப்பிடிய்யா ஓடுது?"

"ஓடுது பாய்."

"புதுப் பய எப்பிடி?"

"நல்ல பய."

"எம்மாதிரி ஓட்ட மாட்டான்ல?"

இரைச்சல்.

"அலோ? எம்மாதிரி..."

"மாட்டான் பாய், மாட்டான்."

கால் போனதைச் சொல்லவேயில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. பூத் என் தம்பியுடையது என்றும், வெள்ளிக்கிழமை தான் அங்கே வந்து உட்காருவதாகவும் சொல்லி வைத்திருந்தார். நான் ஒருநாள் கோபத்தில் கேட்டேன், இது என்ன ஏமாற்று என்று.

"அந்தாளு பாலைவனத்துல ட்ரெய்லர் ஓட்டுறாரு. நாளெல்லாம் வளைவு கெடையாதாம், ஸ்டாப்பு கெடையாதாம். திரும்பி வந்து நம்ம வண்டிய எடுப்போம்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஓட்டுறாரு. அத ஏன்டி புடுங்கணும்?"

அந்த நினைப்பு பாய்க்கு மட்டும் தேவைப்பட்டதா என்பதை அவர் முகத்தில் தேடாமல் இருந்துகொண்டேன்.

*

தன் பெரிய பெண்ணின் கல்யாணத்துக்குப் பாய் வந்தார். வந்தவர் எங்களுக்குச் சொல்லவில்லை. திடீரென்று வந்து நிற்கவேண்டும் என்று ஆசை. கும்பகோணத்தில் ஏறி, அந்தச் சாலையில் முதன்முதலாகப் பயணியாக உட்கார்ந்து, மதகில் என்னைத் தேடியிருக்கிறார். நான் பூத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டிருந்தேன்.

அவர் தெருவைக் கடந்து வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கையில் கல்யாணப் பத்திரிகைப் பை.

"என்னய்யா, கண்டக்டர் கண்ணாடி பொட்டிக்குள்ள பூந்துட்டாரு? உள்ள டிக்கெட்டு எவ்ளோ?"

என் வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்தது தப்பு. உட்கார்ந்தே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சநேரம் தள்ளிப்போட்டிருக்கலாம். மேசையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருபக்கம் சாய்த்து, அந்தப் பாதி பாதத்துக்கென்று தைத்த செருப்போடு ஓரடி வைத்தார்.

பாய் கீழே பார்த்தார்.

"எப்ப?"

"நீ போன மறுவருசம்."

"போன்ல ஒரு வார்த்த சொல்லல."

"போன்ல நீ எங்க பாய் என்னப் பேசவுட்ட?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாய் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எண் எதுவும் போடவில்லை. மீட்டர் ஓடவில்லை. அவர் தோள் மட்டும் ஆடியது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து பாய் மறுபடி சவுதி போனார். சின்னப் பெண் கல்யாணத்தோடு வந்துவிடுவதாக இருந்தவர் அதற்குப் பிறகும் போனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பிவந்து எடுக்க வண்டியில்லை.

*

எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. கூண்டு காலியானது. கண்ணாடியைக் கழற்றி விற்று, அந்த இடத்தில் ஜெராக்ஸ் மிஷின் வைத்தோம். மகள் படித்தாள். பெங்களூரில் வேலை. அவள் அலுவலகத்தில் பாதிப்பேர் வேறு தேசத்தில் இருக்கிறார்கள், இவர்களுக்கு ராத்திரி என்றால் அவர்களுக்குப் பகல்.

ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டில் விரலை அளைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, எங்க டீம்ல எல்லாரும் கெட்டிக்காரங்கதான். புது மேனேஜரும் நல்லவர்தான். ஆனா வேல மட்டும் ஓட மாட்டேங்குது. எங்க இடிக்குதுன்னே தெரியல."

அவளுடைய அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "ஒங்கள்ல யாரு மாறிக்கிறது?"

"எல்லாருந்தாம்பா. எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டு மாறுங்கம்மா" என்றார். மோர் ஊற்றச் சொன்னார். அந்த விபத்தைப்பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சொல் அதுதான். மகளுக்கு அது விளங்கியிருக்காது. தாழ்வாரத்தில் அந்தப் பையன் அழுதபோது அவள் என் இடுப்பில் இருந்தாள்.

பிறகு சர்க்கரை வந்தது. வந்தது நேராக அந்தக் காலைத் தேடிப்போனது. புண் ஆறவில்லை. பாதி பாதம் போய், கணுக்கால் போய், முழங்கால் வரை போய், கடைசியில் அவரே போனார். சம்பா நடவு நேரம். ஆற்றில் தண்ணீர் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாய் கூத்தாநல்லூரிலிருந்து வந்தார். ஊரோடு வந்து சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கண்பார்வை மங்கி, லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டவர். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாதா கோயிலில் பூசை முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

கல்லறைத் தோட்டம் ஆற்றங்கரையில், கொஞ்சதூரம் தள்ளி. வண்டி கொண்டுவந்திருந்தார்கள். பின்கதவைத் திறந்து பெட்டியை ஏற்றினார்கள். நானும் மகளும் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தோம். பாய் கீழே, பின்கதவுக்கு அருகே நின்றார். ஏறச்சொன்னோம். மாட்டேன் என்று தலையசைத்தார். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். பூத்தில் முதுகு தெரிந்தது, இப்போது முகம் தெரிந்தது.

டிரைவர் முன்னாலிருந்து, "போலாமா?" என்றார். உள்ளே யாரும் வாய் திறக்கவில்லை. போகலாம் என்று எப்படிச் சொல்வது.

பாய் கையைத் தூக்கினார். வாழ்நாளெல்லாம் முன்சீட்டிலிருந்து கேட்ட தட்டலை, பின்னாலிருந்து, தன் கையால் தகரத்தில் தட்டினார். ஒன்று. இரண்டு.

வண்டி உடனே பாய்ந்தது. என் தலை பெட்டியில் இடித்தது. மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த டிரைவர் மேல் பிழையில்லை. தட்டினால் எடுக்கவேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியும்.

பின்கண்ணாடியில் பார்த்தேன். பாய் நடுச்சாலையில் நின்றார். தட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. அவருடைய ஒரு கால் தரையிலிருந்து லேசாக எழும்பியிருந்தது, படியில் வைக்கப்போகிறவர்போல.